முன்னுரிமைப் பட்டியல்

பாம்பனில், ஐஸ் கம்பெனி மாடியில் என் அலுவலகம்.
கீழே பாளம் விழும்போதெல்லாம்
மேசைமேல் பேனா ஓரங்குலம் நகரும்.
பதினாறு வருஷமாகக் கடல் வழக்கு.
வள்ளத்தில் ஏறினால் பத்தாம் நிமிஷம் வாந்தி.
எந்தக் கட்சிக்காரரிடமும் இதைச் சொன்னதில்லை,
எல்லாருக்கும் தெரியும்.

திரேசம்மாள் வந்தபோது
சேலைத்தலைப்பில் பொதிந்து ஒரு பலகைத் துண்டு.
விளிம்பில் நகக்கண் அளவு சிவப்புப் பெயிண்ட்.
"எங்க வள்ளம் பச்சை, வக்கீலம்மா."
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு பேரில் கரையேறியவன் ரெமிஜியுஸ் மட்டும்.
எத்தனை மணிக்கு இடித்தது?
வெள்ளி முளைச்சு நாலு விரக்கடை ஏறியிருந்துச்சு.
எந்த இடம்?
பதினெட்டுப் பாகம். சோழகம். நீவாடு கிழக்க இழுத்துச்சு.
எந்தக் கப்பல்?
வெளக்குப் போட்ட கோட்டைச் சுவரு.

மூன்று ராத்திரி உட்கார்ந்து
விரக்கடையை மணியாக்கினேன், மூன்று இருபது.
பாகத்தை மீட்டராக்கினேன், முப்பத்து மூன்று.
சோழகத்தைத் தெற்குக் காற்று என்று எழுதி
அதில் உப்பில்லை என்று அடித்து
நீதிமன்றத்துக்கு உப்பெதற்கு என்று மறுபடி எழுதினேன்.
கோட்டைச் சுவரை மட்டும் எங்கும் சேர்க்க முடியவில்லை.
அது இன்னும் என் குறிப்பேட்டில் நிற்கிறது.

அந்த ராத்திரி அந்தத் தடத்தில் ஆறு கப்பல்.
அடிவயிறு சிவப்பு நாலு.
மூன்று இருபதுக்கு அங்கே இருந்தது ஒன்று.
முதலாளியைத் தேடினேன்:
எங்கோ ஒரு தீவில் தபால் பெட்டியாக இருந்தார்.
கொடி வேறு நாடு, சரக்கு வேறு நாடு.
எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு.
ஆள் அகப்படாவிட்டால் கப்பலே பிரதிவாதி.
கப்பலையே கைது செய்யலாம்.

தூத்துக்குடியில் உத்தரவை எடுத்துப் போன அமீனா
மாலுமிக்கூடத்துக் கண்ணாடியில் செலோடேப் போட்டு ஒட்டினார்.
காற்றில் ஒரு மூலை பிய்ந்துகொண்டு அடித்தது.
அதற்குக் கட்டுப்பட்டு
மூவாயிரம் டன் இரும்பு நின்றது.
முகப்பில், புதுப் பெயிண்டுக்கடியில்,
பற்றவைத்துச் சுரண்டிய தழும்பாக இரண்டு பழைய பெயர்கள்.

முதலாளி வரவில்லை. ஜாமீனும் கட்டவில்லை.
பதினொரு மாதம்.
மேலே பதின்மூன்று பேர் தார்ப்பாயில் மழை பிடித்துக் குடித்தார்கள்.
ஒருவன் எங்களைப் பார்த்துக் கையசைத்தான்.
நான் பதிலுக்கு அசைத்தேனா என்று நினைவில்லை.

ஏலம் போனது, பழைய இரும்பு விலைக்கும் கீழே.
பணம் கோர்ட்டில்.
சட்டம் அதற்கொரு பந்தி வைத்திருக்கிறது.
முதல் இலை கப்பல் ஊழியர் சம்பளத்துக்கு,
அடுத்த இலை உயிர்ச்சேதத்துக்கு,
அப்புறம்தான் துறைமுகமும் மற்றவர்களும்.
பானை சின்னது.
முதல் பந்திக்கே கரண்டி அடி தட்டியது.

கணக்கை விரித்துச் சொன்னேன்,
மிஞ்சியது நம் மூன்று குடும்பத்துக்கும் என்று.
திரேசம்மாள் தொகையைப் பார்க்கவில்லை,
பெயர்களை விரலால் தொட்டுக்கொண்டே இறங்கினாள்.
"அன்னைக்கு ராத்திரி மேல நின்னு பாத்துக்கிட்டிருந்தவன்
இதுல இருக்கானா?"

இருந்தான். இரண்டாம் அதிகாரி.
பன்னிரண்டு முதல் நாலு வரை அவன் முறை.
பட்டியலில் நாலாவது பெயர்.
பொய் சொல்ல எனக்கு
ஐஸ் பாளம் விழும் நேரம் இருந்தது.
இருக்கிறான் என்றேன்.

"அந்த ராத்திரிக்கும் சேத்தா சம்பளம்?"

சேர்த்துத்தான்.

"எவ்வளவு?"

கால்குலேட்டரை எடுத்தேன்.
மாதத்தை முப்பதால் வகுத்து,
நாளை மணியால் வகுத்து,
நாலால் பெருக்கிச் சொன்னேன்.
அவள் உதடு அந்த எண்ணை ஒருமுறை சொல்லிப் பார்த்தது.

கீழே பாளம் விழுந்தது.
உருண்ட பேனாவை உள்ளங்கையால் அமுக்கி நிறுத்தி
"எங்க போடணும் கையெழுத்து?" என்றாள்.