வெறும் வண்டி எடை

புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நடுவே
எடைமேடையின் கண்ணாடிக் கூண்டில்
பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன்.
நெல் லாரி ஏறும், எண் விழும், சீட்டுக் கிழிப்பேன்.
இறக்கிவிட்டு வந்தால் வெறும் வண்டி எடை.
கழித்தால் நெல்.
நாளைக்கு நானூறு டன் என் விரல் வழியே போகும்.
போன தையில்
நாற்காலியை இழுத்துப் போட்டதில்
இடுப்புப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"எலும்பு நல்லாருக்கு. சதைதான் காணோம்.
எடை தூக்கிப் பழகுங்க."
தூக்கவே கூடாது என்பார் என்று
லீவு லெட்டரோடு போயிருந்தேன்.

காரைக்குடி, செக்காலை. டயர்க் கடைக்கு மேல்மாடி.
கீழிருந்து ரப்பர் வாசம், உள்ளே துரு வாசம்.
பயிற்சியாளர் இத்ரீஸ்
என் மகனைவிட மூன்று வயது மூத்தவன்.
"அடைக்கலமேரி அக்கா" என்று முழுசாகச் சொல்வான்.
துப்பட்டாவைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொன்னான்.
பிறகு ஓர் ஒட்டடைக் கம்பைக் கொடுத்தான்.
பின்தலை, முதுகு, வாலெலும்பு
மூன்றையும் கம்பு தொட்டபடியே குனிய வேண்டுமாம்.
குனிந்தேன். ஓர் இடம் விட்டுப்போனது.
"ரெண்டு கையிலும் பலசரக்குப் பை, அக்கா.
கதவை எதால சாத்துவீங்க?"
அது புரிந்தது.

இரண்டு வாரம் கம்பு.
மூன்றாம் வாரம், கட்டைகள்மேல் உயர்த்தி வைத்த
வெறும் பார். இருபது கிலோ.
"தட்டே போடலியே, தம்பி."
"முதல்ல இது."
வெறும் வண்டி எடை என்று
எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
பத்து, இருபது என்றுதான் தாவும்.
ஒரு சேவல் ஏறி நின்று கூவினாலும்
பூஜ்யம் என்று சாதிக்கும்.
இங்கே ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு தட்டு,
டீ சாஸர் அகலம்.
பக்கத்துக்கு ஒன்று, வாரம் ஒரு முறை.
நான் சிரித்தேன். இத்ரீஸ் சிரிக்கவில்லை.

ஆவணியில், லோடுமேன் சவரிமுத்து:
"காசு குடுத்தா தூக்கப் போறீக?
இங்க வாங்க, நாங்க காசு குடுத்துத் தூக்கச் சொல்றோம்."
ஆலையே சிரித்தது.
அன்று சாயங்காலம், இத்ரீஸ் போனில் இருந்த நேரம்
பக்கத்துக்குப் பத்துப் போட்டேன்.
என் மேடை மாதிரி ஒரு தாவல்.
கிளிப் மாட்டவில்லை. மூச்சை வயிற்றில் நிறுத்தவில்லை.
பிடுங்கினேன்.
இடப்பக்கத் தட்டு வழுக்கி விழுந்தது.
டயர்க் கடைக்காரர் கீழிருந்து யாரையோ திட்டினார்.

இத்ரீஸ் தட்டுகளை அடுக்கினான்.
"குத்துதா, கனக்குதா?"
"கனக்குது."
"குத்தினா டாக்டர். கனத்தா தூக்கம்.
திங்கக்கிழமை வாங்க."
திங்கட்கிழமை
ஒட்டடைக் கம்பு சுவரில் சாய்ந்து காத்திருந்தது.

நிறை எடையில் கிளீனர் பையன் கேபினுக்குள் படுத்திருப்பான்.
வெறும் எடையில் டீக்கடையில் நிற்பான்.
அவனுடைய அறுபது கிலோவும் நெல்லாகிவிடும்.
இந்தக் கள்ளத்தை டிரைவர் முகத்திலேயே பிடித்துவிடுவேன்.
என் முழங்கால் உள்ளே சாய்வதையும்
தோளுக்கு முன்னால் இடுப்பு எழுந்துவிடுவதையும்
பிடிக்க எட்டு மாதம் ஆனது.

கெட்டுப்போன எடைச்சீட்டுகளின் பின்பக்கம் எழுதுகிறேன்:
நாற்பத்திரண்டரை. ஐந்து தடவை.
ஆறாவதும் வரும்போலிருந்தது. விட்டுவிட்டேன்.
நாளை ஓய்வு. முட்டை வாங்கணும்.

நேற்று இரவு லாரி இல்லாத நேரம்
நானே மேடையில் ஏறி நின்றேன்,
கண்ணாடி வழியே எண்ணை எட்டிப் பார்த்தபடி.
அறுபது.
போன வருடமும் அறுபதுதான்.

காலையில் சவரிமுத்து மூட்டைக்குக் குனிந்தான்,
முதுகு வில்லாக.
கூண்டு ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"சவரி, கதவைப் பின்பக்கத்தால சாத்து!"
எந்தக் கதவு என்று சுற்றிப் பார்த்தான்.
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு
மெதுவாகச் சாத்திப் பார்த்தான்.