இந்த இடம் இன்னும் இருக்கிறதா?

ராயக்கோட்டை தக்காளி மண்டி தாண்டி
வலது பக்கம் மண்ரோடு.
அதற்கப்புறம் என் போனில் எதுவும் இல்லை.
சாம்பல் நிறம்,
நடுவில் நீல அம்பாக நான் மட்டும்.

பின்சீட்டு மூட்டையில் பதினேழு பார்சல்.
முகவரி என்று எழுதியிருந்தது:
'தண்ணி டேங்க் பக்கம், போன் பண்ணவும்.'
பண்ணினேன். டவர் இல்லை.

தூறலில், ஒற்றைக் கட்டைவிரலால்
ஒரு புள்ளி வைத்தேன்.
திம்மராயன் கொட்டாய் என்று அடித்தேன்.
அது திம்மராஜன் என்று திருத்திக்கொண்டது.
நனைகிற போனோடு யார் சண்டை போடுவது.

அடுத்த வாரம் என் புள்ளிக்குப் பக்கத்தில் இன்னொன்று:
'ரத்னம்மா டிபன். காலை மட்டும். ராகி தோசை.'
யார் வைத்தார்களோ.
பிறகு தண்ணி டேங்க். பிறகு கோழிப்பண்ணை.
பால் ஊற்றும் இடத்துக்கு ஒரு படம்,
எருமை ஒன்று கேமராவை முறைக்கிறது.
நவீத் என்றொருவன்
மண்ரோட்டை ஏரிக்கரைவரை விரலால் இழுத்துவிட்டு
முடிவில் எழுதியிருந்தான்:
'காருக்கு இதோடு சரி. நம்புங்க, நான் மாட்டிக்கிட்டேன்.'

சுடுகாட்டுக்கு நாலு நட்சத்திரம்.
'அமைதியான இடம். வண்டி நிறுத்த வசதி உண்டு.
பைப்பில் தண்ணீர் வராததால் ஒன்று குறைத்தேன்.'
சிரித்துவிட்டேன்.
எழுதியவர் அன்று யாரைக் கொண்டுவந்தாரோ என்று
அப்புறம்தான் தோன்றியது.
யோசனையில் ஒரு வீட்டைத் தாண்டிப் போய்விட்டேன்.

மார்கழியில் தேன்கனிக்கோட்டைக் காடு இறங்கி வந்தது.
ராகி வயல் நடுவே யாரோ புள்ளி வைத்தார்கள்:
'யானை. ஐந்து. அதில் ஒரு குட்டி.'
யானை இடமல்ல என்று
எங்கிருந்தோ மறுப்பு வந்தது.
அதற்குள் ஏழு பேர் அதே யானையை வைத்திருந்தார்கள்,
ஒவ்வொரு புள்ளியும்
முந்தியதைவிடக் கொஞ்சம் கிழக்கே.
கோத்துப் பார்த்துத்தான் அன்று
கெலமங்கலம் வழியாகச் சுற்றிப் போனேன்.

கீழ்த்தெருவுக்கு ஒருவர் தன் சாதிப் பெயரை வைத்தார்.
இரவு யாரோ அதை எடுத்தார்கள்.
காலையில் இருந்தது. மத்தியானம் இல்லை.
பதினோரு நாள் இப்படி.
தெருவில் இதைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது.
சைக்கிளுக்குக் காற்றடித்தார்கள்,
குடத்துக்கு வரிசை நின்றார்கள்,
அவரவர் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.
பன்னிரண்டாம் நாள்: 'டிரான்ஸ்பார்மர் தெரு.'
அதை யாரும் தொடவில்லை,
ஷாக் அடிக்கும் என்றோ என்னவோ.

இதற்கிடையே என் எழுத்துப்பிழைக்குக் கால் முளைத்துவிட்டது.
மினிபஸ் கண்டக்டர் 'திம்மராஜன், திம்மராஜன் எறங்கு' என்கிறார்.
வைகாசியில் ஒரு கல்யாணப் பத்திரிகை,
மணமகன் இல்லம்: திம்மராஜன் கொட்டாய்,
மஞ்சள் தடவிய நாலு மூலையோடு.
மனசு உறுத்த, ஒருநாள் திருத்தினேன்.
மூன்று பேர் சேர்ந்து என்னைத் திருத்தினார்கள்:
'இவர் உள்ளூர் ஆள் இல்லை.'
உண்மைதான். நான் பாலக்கோடு.

நேற்று மண்ரோட்டு முனையில் போன் கேட்டது:
ரத்னம்மா டிபன், இந்த இடம் இன்னும் இருக்கிறதா?
ஆம். இல்லை. தெரியவில்லை.

ஆடியிலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது.
பூட்டுக்குப் பாலித்தீன் பை கட்டியிருக்கிறார்கள்,
மழைக்குத் துரு ஏறாமல்.
எனக்கு முன்னால் நாலு பேர் 'ஆம்' என்று சொல்லியாயிற்று.
ஒருவர் போன வாரம்கூட எழுதியிருக்கிறார்:
'சட்னியில் காரம் கொஞ்சம் குறைக்கலாம்.'

வண்டியை அணைக்காமல் நின்றேன்.
இன்னும் ஆறு பார்சல்.
அதில் ஒன்று ரத்னம்மா பேருக்கு,
பணம் முன்பே கட்டியது,
கைக்கு லேசாக இருக்கிறது.
தண்ணி டேங்க் பக்கம், போன் பண்ணவும்.

பண்ணினேன்.
இப்போது டவர் இருக்கிறது.
அடிக்கிறது.