பதினோரு கோப்பைகள்

தாம்பெரே நகர் டிராம் பணிமனை.
காபி அறையில் மூன்றாவது தட்டு.
போனவர்கள் விட்டுப்போன கோப்பைகள், பதினொன்று.
நான்கில் ஹாக்கி அணியின் சின்னம்.
ஒன்றில் ‘உலகின் சிறந்த அண்ணன்’.
அந்த அண்ணன் இப்போது ஓஸ்லோவில்.

இதே கணக்கு என் கணினியிலும் உண்டு.
அங்கே அதன் பெயர் வெளியேறும் விகிதம்.
முப்பது வயதுக்குக் கீழே,
நூற்றுக்கு முப்பத்தொன்று.
கோப்பைக்காவது காது இருக்கிறது.

நானும் சும்மா இருக்கவில்லை.
வெள்ளிதோறும் பீட்சா,
ஓய்வறையில் ஊஞ்சல் நாற்காலி,
திறன் வளர்ப்புத் திட்டம் முப்பத்தாறு பக்கம்,
அம்புக்குறிகள் எல்லாம் மேல்நோக்கி.
பீட்சாவைத் தின்றுவிட்டுத்தான் போனார்கள்.

ஜனவரி. மூன்றரை மணிக்கே இருட்டு.
வெய்க்கா வந்து எதிரே உட்கார்ந்தான்,
நகக்கண்ணில் பிரேக் தூசி.
விலகல் படிவத்தை நானே எடுத்து வைத்தேன்.
சம்பளமா? இல்லை.
ஷிப்டா? இல்லை.
பிறகு நெடுநேரம் பேச்சில்லை.
இங்கே அது கோபம் அல்ல,
வாக்கியத்தின் நடுப்பகுதி.

“கதவு,” என்றான்.
“இரண்டு வருஷமாக பிரேக் கட்டை மட்டும் மாற்றுகிறேன்.
குளிரில் கதவு சிக்கினால்
கம்பெனி ஆள் விமானம் பிடித்து வரும்வரை
வண்டி நிற்கிறது, நானும் பக்கத்தில் நிற்கிறேன்.
அந்த மென்பொருளின் கடவுச்சொல் வேண்டும்.
உள்ளே என்ன நடக்கிறதென்று பார்க்கணும்.”

ஃபோர்மன் ரௌனோ தலையாட்டவில்லை.
“கற்றுக்கொண்டால் பறந்துவிடுவான்.”
இந்தப் பதினோரு பேரில்
யாருக்குக் கற்றுக்கொடுத்தோம், கேட்டேன்.
தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
“ஒருத்திக்கு. அந்தப் பச்சைக் கோப்பை.
அவள் போகவில்லையே, பிரசவ விடுப்பு.
அதை யார் இங்கே வைத்தது?”

பத்து.

வியாழன் மதியங்களை அவனுக்கு விட்டோம்,
பழைய வண்டி ஒன்றையும்.
முதல் மாதம் திறந்த கதவுகள் மூடவில்லை.
ரௌனோ ஒன்றும் சொல்லவில்லை,
அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.
பிப்ரவரியில், மைனஸ் இருபத்திரண்டில்,
நடுப்பாதையில் நின்ற வண்டியை
நாற்பது நிமிடத்தில் கிளப்பினான்.
ஊதிய உயர்வுக்கு மட்டும் ஆறு கையெழுத்து,
ஜூன் ஆகிவிட்டது.

இப்போது ஊனா என் வாசலில் நிற்கிறாள்:
“எனக்கு எப்போது?”
முப்பத்தாறு பக்கத்தில் தேடுகிறேன்.

ஓஸ்லோவிலிருந்து வெய்க்காவையும் கூப்பிட்டார்கள்.
அவனே வந்து சொன்னான்.
என்ன பதில் சொன்னான் என்று சொல்லவில்லை,
நானும் வாக்கியத்தின் நடுவில் நுழையவில்லை.

இன்று விளக்கணைக்கப் போனபோது
தொட்டியில் அவன் கோப்பை,
அடியில் காபிக் கறை, கழுவாமல்.
கை நீண்டது.
இழுத்துக்கொண்டேன்.
காலையில் அவனே கழுவட்டும்.