பதினான்காம் கோடு

முகங்கள் எனக்குத் தெரியாது.
டிரோன்ஹைம் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில்
ஜன்னல் இல்லாத அறையில்
இருபத்திரண்டு பேரை
பச்சைக் கோடுகளாக மட்டும் அறிவேன்.

முதலில் ஒரு சின்ன மேடு வரவேண்டும்.
வலது மேலறையின் உச்சியில்
பிறைபோல் வளைந்த ஒரு திட்டு
யார் சொல்லியும் அல்ல,
தானாகவே பொறி தட்டுகிறது.
மேலறைகள் சுருங்குகின்றன.
நடுவாசலில் மின்சாரம் சற்று நிற்கிறது,
நொடியில் பத்தில் ஒரு பங்கு,
கீழறைகள் நிரம்பட்டும் என்று.
பிறகுதான் அந்த உயரமான ஊசி.

பதினான்கு:
டோர்கில்ஸ், எழுபத்தொன்று, டிராம் ஓட்டியவர்,
காபிக்குச் சர்க்கரை வேண்டாம்.
எனக்கு வந்த தகவல் அவ்வளவே.
செவ்வாய்க்கிழமையிலிருந்து
அவர் கோட்டில் மேட்டைக் காணோம்.
நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரி
மேலறை முழுக்கப் பொறிகள் உருள
வாசல் அகப்பட்டதை உள்ளே விடுகிறது:
ஒன்று, உடனே இரண்டு,
பிறகு வெகுநேரம் எதுவுமில்லை,
பிறகு மூன்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டு.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்று ஐம்பத்தொன்று.
சட்டைக்குள் மீன் விழுந்து துள்ளுகிறதாம்,
செவிலி இங்வில் சொன்னாள்.

விடிகாலை நான்கு பத்துக்கு
மீன் நின்றது.

இது நடக்கும் என்று படித்திருக்கிறேன்.
கூச்சல் அடங்கியதும்
நாலு நாளாய்ப் பேசவிடப்படாத அந்தத் திட்டு
தன் முறை வந்ததை
உடனே நம்புவதில்லை.
மூன்று நொடி என்றால் குறித்துவைக்க வேண்டும்.
ஒன்று.
இரண்டு.
கோடு மேசைவிளிம்பு போலக் கிடக்கிறது.
மூன்றில் மணி அலறியது.
நான்கில் தொலைபேசி என் கையில்.
ஐந்தில் மூச்சு விட மறந்தது நான்தான்.
ஆறும் கடந்து
ஒரு மேடு.
சின்னது, கொஞ்சம் கோணல்.
அதன்பின் ஊசி.
மறுபடி மேடு.

ஓடிப்போன இங்வில்லிடம் அவர் கேட்டாராம்:
"விளக்கை யார் போட்டது?"
கனவு ஏதாவது கண்டாரா என்றேன்.
"இல்லை. பசிக்கிறதாம்."

காலையில் மருத்துவர் காகிதத்தில் கவராயம் வைத்து
அந்த வெறுமையை அளந்தார்.
ஆறு புள்ளி இரண்டு.
வியாழக்கிழமை காறையெலும்புக்குக் கீழே
தீப்பெட்டியைவிடச் சிறிய ஒன்றைத் தைப்பார்கள்.
அது எல்லாத் துடிப்பையும் தட்டாது,
கேட்டுக்கொண்டிருக்கும்.
மௌனம் நீண்டால் மட்டும்
ஒரு சொல்.

ஏழரைக்கு வேலை முடிந்தது.
வெளியே இன்னும் இருட்டு, பனி.
வார்டு கடைசியில் தின்பண்ட இயந்திரத்தின் முன்
பைஜாமாவில் ஒரு கிழவர்,
பைக்குள்ளிருந்து வயர்கள் தொங்க.
பதினான்காக இருக்கலாம். ஒன்பதாகவும்.
முகத்தைப் பார்க்கத் தெரியாமல்
மார்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவர் அட்டையைக் காட்டினார், பொத்தானை அழுத்தினார்.
சாக்லேட் பாதியில் சிக்கி நின்றது.
காத்தோம், இருவரும்.
அவர் உள்ளங்கையால்
இயந்திரத்தின் இடப்பக்கம்
ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

விழுந்தது.