மூலக் கோப்பு கிடைக்கவில்லை

ஓர்த்தா துறைமுகத்தில் இன்று படகு இறங்கவில்லை.
தென்மேற்குக் காற்று. எதிர்த்தீவின் எரிமலை
மேகத்துக்குள் போய் மூன்று நாளாகிறது.
இப்படிப்பட்ட நாட்களில்தான்
உட்கார்ந்து வால்களைச் சரிபார்ப்பேன்.

எண்ணெய்த் திமிங்கலத்தின் முகத்தால்
எங்களுக்குப் பயன் ஒன்றுமில்லை.
மூச்சு வாங்கி முடித்து ஆழத்துக்கு முங்கும்போது
கடைசியாகத் தூக்கிக் காட்டுமே, அந்த வால்,
அதன் ஓரத்து வெட்டும் விள்ளலும்தான்
அதன் கைநாட்டு.

ஜூலையில் ஒன்று வந்தது.
இடது மடலில் அரைவட்டமாக ஒரு கடி.
எங்கோ பார்த்த வால்.
பழைய தொகுப்பைத் திறந்தேன்:
இரண்டாயிரத்துப் பதினான்கு, ஆகஸ்ட்.
நகத்தளவு வால்கள், வரிசை வரிசையாக.
அதோ, இடது மடல், அரைவட்டம்.
தொட்டுப் பெரிதாக்கினேன்.
சாம்பல் கட்டங்கள். நடுவே மஞ்சள் முக்கோணம்.
மூலக் கோப்பு கிடைக்கவில்லை.
அடுத்த படம். கிடைக்கவில்லை.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும்
அதே பதிலைச் சொல்லும் பொறுமை
அதற்கு இருந்தது.

"தொகுப்பை மறுபடி கட்டச் சொல்லிப் பாருங்கள்,"
என்றாள் ஃபிலிப்பா. பயிற்சிக்கு வந்த பெண்.
இரவு முழுக்கக் கட்டியது.
தொண்ணூற்றேழு சதவீதத்தில் நின்று யோசித்தது.
காலையில் அதே முக்கோணங்கள்,
இன்னும் பளிச்சென்று.

பழுதுபார்க்கும் குவால்தீனோ
போனில் எதையோ மென்றுகொண்டே சொன்னான்:
"படத்தை அது வாங்கி வைத்துக்கொள்ளவே இல்லை, தியோலிண்டா.
விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டது.
கூப்பிடும்போதெல்லாம் போய்க் கதவைத் தட்டுகிறது.
ஹார்ட் டிஸ்க்கின் பெயரை யாராவது மாற்றினார்களா?"

யாராவது.

எவரிஸ்தோ தன் பெயரைத்தான் வைத்தான் அதற்கு,
சாப்பாட்டு டப்பாவில் எழுதி ஒட்டுவதுபோல.
ஃபால் ரிவரில் கூரை வேலைக்கென்று
அவன் விமானம் ஏறிய வாரம்
அழைப்பு மணியிலிருந்து அவன் பெயரைச் சுரண்டினேன்.
பூட்ஸை மீன்பிடி சங்கத்துக்குக் கொடுத்தேன்.
கை ஓயாமல், அன்று மாலையே
டிஸ்க்கின் பெயரையும் அழித்துவிட்டு
'பழையது' என்று தட்டினேன்.

ஆறு வருஷம்.
ஒரு மேஜையின் இந்தப் பக்கம் கணினி,
அந்தப் பக்கம், ஒரு சாண் வயர் தள்ளி, டிஸ்க்.
எவரிஸ்தோ இருக்கிறாரா என்று இது கேட்க,
அப்படி யாரும் இங்கே இல்லை என்று
அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது,
அத்தனை படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு.

எட்டு எழுத்து. ஐந்தாவதில் தப்புப் பண்ணி
அழித்து மறுபடி அடித்தேன்.
ஃபிலிப்பா ஜன்னலைப் பார்த்தாள், நல்ல பெண்.
முக்கோணங்கள் ஒவ்வொன்றாக அவிந்தன.

ஆகஸ்ட் வாலைத் திறந்தேன். முழு அளவில்.
கடி இல்லை.
மடலின் முன்னால் குறுக்கே போன
ஒரு கடற்பறவையின் வெள்ளை வயிறு.
அதன் கண்கூடத் தெரிந்தது.
ஃபிலிப்பா சிரித்துவிட்டாள். நானும்.
அது வேறு, இது வேறு.
ஜூலையில் வந்ததற்குப் புது எண்: அறுநூற்றுப் பதினொன்று.

இன்னும் பதினொரு முக்கோணம் மிச்சம்.
எல்லாம் ஒரே தேதி, அக்டோபர் பத்தொன்பது.
குவால்தீனோவைக் கேட்கவில்லை.
டிஸ்க்கிலிருந்து அவற்றை அழித்துவிட்டுத்தான்
அவன் போயிருக்கிறான்;
சின்னப் பிரதி ஒன்று இங்கே தங்கும் என்று
அவனுக்குத் தெரியாது.

திமிங்கலம் இல்லை எதிலும்.
படகின் முனையில் நான், மஞ்சள் மழைக்கோட்டில்,
கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தபடி.
சிரிக்கிறேனா, கத்துகிறேனா,
இந்த அளவில் தெரியவில்லை.
பெரிதாக்கினால் கட்டங்கள்.

"பெயரைத் திரும்ப மாற்றிவிடட்டுமா?"
என்று கேட்டாள் ஃபிலிப்பா.
வேண்டாம், மறுபடி தொலைந்துபோகும் என்றேன்.
வெளியே கொடிக்கயிறு
கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
நாளைக்கும் காற்றுத்தான்.