டோக்கன் இருநூற்றுப் பதினாலு

நெஃப்ராலஜியில் சொன்னது மூன்று மணி.
இப்போது பத்தரை.
லாட்ஜிலேயே கிடந்தால் ஃபேன் றெக்கையை எண்ணலாம்,
அதுவும் மூன்றுதான்.
வா, ஊர் பார்க்கலாம் என்றாள் எதிர் அறை ஷெஃபாலி,
மால்டாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவள்.
எனக்குச் செய்யாறு.
ஆறு மாதமாக இங்கே வந்து போகிறேன்,
கோட்டையை பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன்.

அகழியைக் கண்டதும் நின்றுவிட்டாள்.
மீன் உண்டா என்று கையை நீந்தவிட்டுக் கேட்டாள்.
உண்டு, பிடிக்கக் கூடாது என்று
நானும் கையாலேயே சொன்னேன்.
ரொம்ப நேரம் பார்த்தாள்,
விலை கேட்பதற்கு முன்னால் பார்க்கிற பார்வை.

எங்கள் பக்கம் ஒரு வசனம் உண்டு:
வேலூரில் கோட்டை இருக்கு ராஜா இல்லை,
ஆறு இருக்கு தண்ணி இல்லை,
கோயில் இருக்கு சாமி இல்லை.
சாமி வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாச்சு,
வசனத்தை யாரும் திருத்தவில்லை.
என் ஓட்டை இந்தியில் இதைச் சொல்லி முடிப்பதற்குள்
கோபுரத்து நிழல் வந்துவிட்டது.

சாமி பேர் என்ன?
ஜலகண்டேஸ்வரர்.
ஜல்? என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.
ஜோல்! என்று தன் தொண்டையைக் காட்டினாள்.
அவள் பாஷையில் தண்ணீரும் ஜோல்,
மீன் குழம்பும் ஜோல்.
இல்லை, வேறே வேறே என்று நாலு தரம் சொல்லிக் காட்டினாள்.
என் செய்யாற்றுக் காதுக்கு நாலும் ஒன்று.

தண்ணீர்ச் சாமியிடம் என்ன கேட்பது?
என் வீட்டுக்காரருக்கு நாளைக்கு எழுநூறு மில்லி,
மாத்திரைத் தண்ணி, மோர், ரசம்,
நாக்கில் வைக்கிற ஐஸ் துண்டு எல்லாம் சேர்த்து.
பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருக்கிறேன்.
எண்ணூறு ஆக்கு என்றேன்.
சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி இருந்தது.

கல்யாண மண்டபத்துக் கல்லில்
ஒரே தலைக்கு இரண்டு உடம்பு.
இந்தப் பக்கம் மறைத்தால் யானை,
அந்தப் பக்கம் மறைத்தால் காளை.
ஷெஃபாலி உள்ளங்கையை மாற்றி மாற்றி வைத்தாள்.
பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று
அக்கா போதும்க்கா என்றார்கள்.
நகர்ந்தவள்
இடது விலாவுக்குக் கீழே ஒரு தரம் தொட்டுக்கொண்டாள்.
வியாழக்கிழமை அதை எடுத்து
அவள் புருஷனுக்கு வைக்கிறார்கள்.
என்னுடையது பொருந்தவில்லை.
இதை அவளிடம் நான் சொன்னதில்லை,
இந்தி போதாததால் மட்டுமில்லை.

பிரியாணிக் கடையில் சோற்றைத் தோண்டித் தோண்டித்
தேடினாள்.
என்னடி?
ஆலூ.
அவள் ஊர்ப் பிரியாணியில் உருளைக்கிழங்கு இருக்குமாம்.
எங்கள் இரண்டு அறையிலும் அது கெட்ட வார்த்தை.
சொல்லிவிட்டுத் தானே வாயைப் பொத்திக்கொண்டாள்,
பிறகு பொத்திய கைக்குள்ளேயே சிரித்தாள்.
கத்தரிக்காயை மட்டும் மூன்று தரம் வாங்கினோம்,
புளியும் எண்ணெயும் மினுங்க.
ஆறு மாதமாக உப்பில்லாமல் சமைத்து
உப்பில்லாமலே தின்றவள்
ஊறுகாயும் கேட்டேன்.
சர்வர் ஒன்றும் நினைக்கவில்லை.
நான்தான் நினைத்தேன்.

ஆற்காடு மக்கன் பேடா ஆளுக்கு ஒன்று.
விண்டதும் உள்ளே முந்திரி, சாரைப் பருப்பு.
அட, ஒளித்து வைத்திருக்கிறான் என்கிற மாதிரி
கண்ணை விரித்தாள்.
இரண்டு பார்சல் சொல்லப்போய்
இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டோம்.

ஆஸ்பத்திரிக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.
இன்னொரு தரம்.
பலகையில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
என்ன சாப்பிட்டே என்றார்.
இட்லி என்றேன்.
அவர் என் கையை எடுத்து
முகத்தருகே கொண்டுபோய்க் கொஞ்சம் வைத்திருந்தார்.

கத்தரிக்காய் பிஞ்சா, முத்தலா?

பிஞ்சு.

சொல்லு, என்று கண்ணை மூடிக்கொண்டார்.
நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
காம்போடு நாலாகக் கீறி, என்று ஆரம்பித்தேன்.