கசர்

திருப்பூரில் ஒரு மெடிக்கல் கடை மாடி,
ஷட்டர் பாதி இறக்கிய அறை.
மாதம் பதினஞ்சாம் தேதி ஐந்து லட்ச ரூபாய்ச் சீட்டு.
இருபது பேர், பதினாறு நாற்காலி.
நான் ஜன்னலோரம் நின்றுகொள்வேன்.

பொங்கியண்ணன் எண்பதில் ஆரம்பித்தார்.
விடிந்தால் சனிக்கிழமை,
அவர் பவர் டேபிளில் பதினொரு பேருக்குக் கூலி.
துளசிமணியக்கா தொண்ணூறு என்றார்.
எதற்கென்று சொல்லவில்லை.

லட்சம்.

லட்சத்துப் பத்து.

கழிவு பத்தாயிரம் கூடக் கூட
எனக்கு ஐநூறு ஏறியது.
மார்கழியிலும் பொங்கியண்ணனுக்குக் கழுத்து வேர்த்தது.
லட்சத்து இருபது, ஒரு தரம்.
அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.
ரெண்டு தரம்.
யாரோ தும்மினார்கள், அதையும் கேள்வியென்று நினைத்து
அவர் திரும்பிப் பார்த்தார்.

கமிஷன் போக என் பங்கு
நாலாயிரத்து எழுநூற்று ஐம்பது.
செய்த வேலை: வாயைத் திறக்காதது.
இப்படித்தான் அவினாசி ரோட்டு மனையும் வந்தது,
யாரும் என்னைத் திருடன் என்றதில்லை,
நிதானமானவர் என்கிறார்கள்.

இறங்கினால் பல்லடம் பஸ் போயிருந்தது.
"ஏறுங்க, அந்தப் பக்கந்தான் போறனுங்க"
பொங்கியண்ணன் வண்டியைத் திருப்பினார்.
வீரபாண்டி பிரிவு பங்கில் நூறு ரூபாய்க்குப் போட்டார்.
சட்டைப்பையில் கை வைத்தேன்.
"அட, இருக்கட்டுமுங்க."
எடுத்துக்கொண்டேன், கையை.

எதிர்காத்தெல்லாம் அவர் நெஞ்சில்.
முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்,
வீடு வரும்வரை
எனக்குக் குளிரவே இல்லை.